முடியை விட மெல்லிய குழாய்கள்: கொரோனா சொல்லிக்கொடுத்த ஒரு பழைய கதை



"பி.காம் படிக்கிற உனக்கு ரத்தக் குழாயோடு என்ன வேலை?" என்று பக்கத்து பெஞ்சு நண்பன் கேட்டுவிட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் 2020, 2021 இரண்டு வருடமும் செல்போனில் பள்ளிக்கூடம் படித்த தலைமுறை நாம். அந்த நாட்களில் வீட்டில் அடிபட்ட வார்த்தைகளை நினைத்துப் பாருங்கள். டி-டைமர், சிடி ஸ்கோர், ஸ்டீராய்டு, ஹெப்பாரின், சைட்டோகைன் புயல்... எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் பரீட்சை மார்க் கேட்பது போல "டி-டைமர் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது எதை அளக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கொரோனா சரியாகி வீட்டுக்கு வந்து, பத்து நாள் நன்றாக நடமாடிவிட்டு, ஒரு விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். "நுரையீரல் காய்ச்சலுக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று அன்று எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான் இதற்குப் பின்னால் நானூறு வருடக் கதை இருப்பது தெரிந்தது. நான் மருத்துவன் இல்லை, இது மருத்துவ ஆலோசனையும் இல்லை. வரலாறு மட்டும்தான்.

கதை 1628-ல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் ரத்த ஓட்டம் பற்றிய தன் நூலை அந்த ஆண்டு வெளியிட்டார். அதுவரை இருந்த நம்பிக்கை என்ன தெரியுமா? சாப்பாட்டிலிருந்து கல்லீரல் புதிது புதிதாக ரத்தம் தயாரிக்கிறது, அது உடம்பு முழுக்கப் போய்ச் செலவாகிவிடுகிறது என்பதுதான். ஹார்வி ஒரு எளிய கணக்குப் போட்டார். இதயம் ஒரு துடிப்பில் இவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு, அரை மணி நேரத்துக்கு எவ்வளவு? உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தை விட அதிகமாக வந்தது! அவ்வளவு ரத்தத்தை அரை மணிக்கு ஒருமுறை புதிதாகத் தயாரிக்க எந்தச் சாப்பாட்டாலும் முடியாது. அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். இருப்பு குறைவாக இருந்து விற்றுமுதல் அதிகமாக இருந்தால் சரக்கு சுழல்கிறது என்று நாம் சொல்வோமே, அதே வாதம். என்னைக் கேட்டால் ஹார்வி பாதி அக்கவுண்டன்ட் என்பேன்.

ஆனால் அவர் கணக்கில் ஒரு இடம் மட்டும் இடித்தது. தமனி வழியாக வெளியே போகும் ரத்தம் சிரைக்குள் எப்படி வந்து சேருகிறது? இரண்டுக்கும் நடுவே பாலம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகாவிட்டால் நாம் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தூக்கிப் போடுவோம் இல்லையா? ஹார்வியும் அப்படித்தான், ஏதோ ஒரு வழி இருக்கத்தான் வேண்டும் என்று விட்டுவிட்டார். 1657-ல் அவர் இறந்துபோனார். நான்கே வருடம் கழித்து 1661-ல் இத்தாலியின் மார்செல்லோ மல்பீகி ஒரு தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பாலம் தெரிந்தது. வலைபோலப் பின்னிக் கிடந்த மிக மெல்லிய குழாய்கள். பள்ளியில் தந்துகிகள் என்று படித்தோமே, அவைதான். இலத்தீனில் முடிக்கான சொல்லை வைத்து இவற்றுக்குப் பெயர் வந்தது. உண்மையில் முடியெல்லாம் இவற்றுக்கு முன்னால் தூண் மாதிரி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்து முதல் பத்து பங்குதான் ஒரு தந்துகியின் அகலம். சிவப்பு அணுவின் அகலமே ஏழெட்டுப் பங்கு. அதனால் பல இடங்களில் அணுக்கள் ஒற்றை வரிசையில், உடம்பை வளைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

(உடம்பில் உள்ள ரத்தக் குழாய்களை வரிசையாக நீட்டினால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும் என்று படித்திருப்பீர்கள். அது தந்துகிகள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1920-ல் நோபல் பரிசு வாங்கிய டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் போட்ட கணக்கிலிருந்து வந்தது. அவர் மிகப் பெரிய, தசை நிறைந்த ஒரு ஆளைக் கற்பனை செய்துகொண்டு போட்ட கணக்கு அது. பிற்காலக் கணக்குகளில் மிகவும் குறைவாகத்தான் வருகிறது. ஆனாலும் ஜெனரல் நாலெட்ஜ் புத்தகங்கள் ஒரு லட்சத்தை விடுவதாக இல்லை.)

இனி அழற்சிக்கு வருவோம். கொசு கடித்த இடம் எப்படி ஆகிறது? சிவக்கும், வீங்கும், சூடாகும், வலிக்கும். இந்த நான்கையும் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ரோமாபுரியின் செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்பது 1867-ல்தான் ஓரளவு தெளிவானது. ஜெர்மனியில் யூலியஸ் கோன்ஹைம் என்ற இளைஞர் உயிருள்ள தவளையின் குடல் சவ்வை நுண்ணோக்கிக்குக் கீழே விரித்து வைத்துப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சின்னக் குழாய்கள் விரிந்தன. ரத்தம் வேகம் குறைந்தது. வெள்ளை அணுக்கள் ஓரமாக ஒதுங்கிச் சுவரில் ஒட்டின. பிறகு, ஒவ்வொன்றாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயின! சீழ் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அதுதான் பதில். கோன்ஹைமின் குரு ருடால்ஃப் விர்ஷோ, சீழ் அணுக்கள் அந்தந்தத் திசுவிலேயே பிறக்கின்றன என்று நம்பியவர். சிஷ்யன் நுண்ணோக்கியைக் காட்டி அதை மாற்றினார். செல்சஸ் சொன்ன நான்கு அறிகுறிகளையும் இப்போது பாருங்கள். குழாய் விரிவதால் சிவப்பும் சூடும், குழாய் கசிவதால் வீக்கம், இவற்றோடு வெளியாகும் ரசாயனங்களால் வலி. ஆக, அழற்சி என்பதே சின்ன ரத்தக் குழாய்களில் நடக்கும் ஒரு விவகாரம்தான். கொரோனாவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்றுகூடச் சொல்வேன்.

அந்த விர்ஷோவும் லேசுப்பட்டவர் இல்லை. நுரையீரலில் அடைத்துக்கொள்ளும் ரத்தக் கட்டி பெரும்பாலும் அங்கேயே உருவானதல்ல, கால் போன்ற வேறு இடத்தில் உருவாகி ரத்தத்தில் மிதந்து வந்தது என்று காட்டியவர் அவர். 1856-ல் அவருடைய கட்டுரைகள் தொகுப்பாக வந்தன. ரத்தம் தேவையில்லாமல் உறைவதற்கு மூன்று காரணங்கள் என்று இன்றும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரில் படிக்கிறார்கள்: ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவர் கெடுவது, ரத்தமே உறையும் குணம் கூடிப்போவது. மூன்றையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழாயின் சுவருக்கு உள்பக்கம் ஒற்றை அடுக்கில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். நெடுங்காலம் இதை ஏதோ பிளாஸ்டிக் தாள் மாதிரிதான் நினைத்திருந்தார்கள், ரத்தம் ஒழுகாமல் இருக்க ஒரு விரிப்பு. இந்த எண்ணத்தை உடைத்ததில் நியூயார்க்கின் ராபர்ட் ஃபர்ச்காட்டுக்குப் பெரிய பங்கு. முயலின் ரத்தக் குழாய்த் துண்டுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1978-ல் ஒருநாள் ஆய்வக உதவியாளர் செய்முறையில் எதையோ மாற்றிச் செய்துவிட, சுருங்க வேண்டிய குழாய் தளர்ந்து நின்றது. வேறு ஒருவராக இருந்தால் உதவியாளரைத் திட்டிவிட்டு மறுபடி செய்யச் சொல்லியிருப்பார். இவர் ஏன் என்று தோண்டினார். துண்டுகளைத் தயார் செய்யும்போது உள்படலம் உரசிப் போய்விட்டால் குழாய் தளர்வதில்லை, படலம் அப்படியே இருந்தால்தான் தளர்கிறது என்று கண்டுபிடித்தார். அதாவது, அந்த ஒற்றை அடுக்கு ஏதோ ஒரு பொருளை அனுப்பிக் குழாயைத் தளர்த்துகிறது. 1980-ல் இது வெளியானது. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற சாதாரண வாயு என்று பிறகு தெரிந்தது, 1998-ல் ஃபர்ச்காட்டோடு இன்னும் இருவருக்கு நோபல் பரிசு. ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? நோபல் பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபலுக்கே இதய வலி வந்தபோது மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தது நைட்ரோகிளிசரின். அவர் டைனமைட் செய்த அதே சரக்கு! அது வேலை செய்வதும் இந்த வாயு வழியாகத்தான்.

அதே படலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1964-ல் வைபெல், பலாடே என்ற இருவர் அதன் செல்களுக்குள் சின்னச் சின்னக் குச்சி போன்ற பொதிகளைப் பார்த்தார்கள். அவற்றுக்குள் ரத்தத் தட்டணுக்களை ஒட்டவைக்கும் பசை இருக்கிறது என்பது 1980-களில்தான் தெரிந்தது. ஒரே கடையில் ஒரு பக்கம் ரத்தத்தை உறையவிடாமல் வைக்கும் சரக்கு, இன்னொரு பக்கம் உறையவைக்கும் சரக்கு. அமைதியான நாளில் முதல் வகைதான் வியாபாரம். காயம் பட்டாலோ அழற்சி வந்தாலோ இரண்டாவது வகைக்கு மாறிவிடும். ஒரு விரலில் வெட்டுக்காயம் என்றால் இது உயிர் காக்கும் ஏற்பாடு. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் மாறினால்?

இனி 2020.

அந்த வருடத் தொடக்கத்தில் எல்லோரும் இதை நிமோனியா என்றுதான் நினைத்தார்கள். வூகானிலிருந்து பிப்ரவரியில் வந்த ஒரு ஆய்வு மட்டும் வேறு மாதிரி பேசியது. 183 நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்ததில், இறந்தவர்களில் 71.4 சதவீதம் பேருக்கு ரத்தம் உறையும் அமைப்பு முற்றிலும் தாறுமாறாகிப் போயிருந்தது. பிழைத்தவர்களில் அது வெறும் 0.6 சதவீதம். இங்கேதான் நம் டி-டைமர் வருகிறது. ரத்தக் கட்டியை உடம்பு கரைக்கும்போது மிஞ்சும் துணுக்குதான் அது. அது கூடியிருக்கிறது என்றால் உள்ளே எங்கோ கட்டிகள் உருவாகி உடைந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். கரியைப் பார்த்து அடுப்பு எரிந்ததைக் கண்டுபிடிப்பது போல.

ஏப்ரலில் நெதர்லாந்திலிருந்து அடுத்த செய்தி. தீவிர சிகிச்சையில் இருந்த 184 கொரோனா நோயாளிகளில் 31 சதவீதம் பேருக்கு ரத்த உறைவுச் சிக்கல். இத்தனைக்கும் எல்லோருக்கும் உறைவைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் ஹாம்பர்க். கிருமி பரவிவிடும் என்ற பயத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கோக் நிறுவனம், கொரோனாவில் இறந்தவர்களுக்குப் பிரேதப் பரிசோதனையைத் தவிர்க்கச் சொல்லியிருந்தது. பயம் நியாயமானதுதான். ஆனால் ஹாம்பர்க் நகர மருத்துவர்கள் செய்தே ஆவது என்று இறங்கினார்கள். முதல் 12 பேரில் 7 பேருக்குக் கால் நரம்புகளில் ரத்தக் கட்டி இருந்தது. உயிரோடு இருந்தபோது ஒருவருக்கும் அந்தச் சந்தேகமே எழவில்லை. நான்கு பேர் இறந்ததற்கு நேரடிக் காரணமே நுரையீரலில் வந்து அடைத்த கட்டி. விர்ஷோ 1850-களில் சொன்னதை அப்படியே கண்ணெதிரில் பார்த்திருக்கிறார்கள். பிறகு ராபர்ட் கோக் நிறுவனமும் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. அறுக்காமலே எரித்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் "நிமோனியா" என்றே எழுதிக்கொண்டிருப்பார்களோ.

மே மாதம் வெளியான இன்னொரு ஆய்வு இன்னும் நுணுக்கமானது. கொரோனாவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும், 2009-ல் பன்றிக் காய்ச்சலில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இரண்டிலும் நுரையீரல் கெட்டுத்தான் இருந்தது. ஆனால் காற்றறைகளைச் சுற்றியுள்ள தந்துகிகளில் அடைத்திருந்த நுண்கட்டிகள் கொரோனாவில் ஒன்பது மடங்கு அதிகம். பன்றிக் காய்ச்சலும் நுரையீரலைத் தாக்குகிற வைரஸ்தான். இருந்தும் இத்தனை வித்தியாசம்!

இந்தத் தந்துகிகள் அடைபட்டால் காற்று உள்ளே வந்தும் பயனில்லை. பஸ் வந்து நிற்கிறது, ஏறத்தான் வழியில்லை. ஆக்சிமீட்டரில் எண்பதுக்குக் கீழே இறங்கியும் சிலர் மூச்சிரைக்காமல் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் புதிருக்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

சரி, வைரஸ் நேரடியாக இந்தப் படலத்துக்குள் நுழைகிறதா? இங்கே ஒரு நல்ல சண்டை. கொரோனா செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவு ஏஸ்-2 என்ற புரதம். 2003-ல் சார்ஸ் காலத்திலேயே இது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 2020 ஏப்ரலில் சூரிச் மருத்துவர்கள் ஒரு நோயாளியின் படலச் செல்களுக்குள் வைரஸைப் பார்த்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அடுத்த மாதமே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கி நிபுணர்கள், அந்தப் படத்தில் இருப்பது வைரஸ் அல்ல, செல்லின் சாதாரண உறுப்புகள்தான் என்று மறுப்பு எழுதினார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகளும் மறுத்தவர்கள் பக்கமே அதிகம் சாய்ந்தன. இந்தச் செல்களில் ஏஸ்-2 மிகக் குறைவு, வைரஸ் அங்கே பெருகுவதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அப்படியானால் படலத்தைக் கெடுத்தது யார்? பெரும்பாலும் நம் உடம்பின் அழற்சியேதான்.

வைரஸ் காற்றறைச் செல்களைத் தாக்குகிறது. எதிர்ப்பு சக்தி இன்டர்லூக்கின்-6 போன்ற அபாயச் செய்திகளை ரத்தத்தில் அள்ளி வீசுகிறது. படலம் பயந்து பசையை அவிழ்த்துவிடுகிறது, நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குழாய் கசிகிறது. கோன்ஹைம் பார்த்தது போல வெள்ளை அணுக்கள் ஓடிவந்து ஒட்டுகின்றன. அவற்றில் சில தங்கள் மரபணு இழைகளையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கப் பார்க்கும். அந்த வலையில் தட்டணுக்களும் சிக்கிக் கட்டி உருவாகும். நோயாளியோ படுத்த படுக்கை. விர்ஷோவின் மூன்று காரணமும் ஒரே உடம்பில் ஆஜர்.

சிகிச்சை விஷயத்தில்தான் காமர்ஸ் மூளை விழித்துக்கொள்கிறது. 2020 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு தன் முடிவை அறிவித்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய ஸ்டீராய்டு, நாளுக்கு 6 மில்லிகிராம். செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3-ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் 26.2-லிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை, எண்கள் கொஞ்சம் எதிர்ப்பக்கமே சாய்ந்திருந்தன. அழற்சி தறிகெட்டு ஓடும்போது கடிவாளம் வேண்டும், ஓடாதபோது கடிவாளம் போட்டால் கிருமிக்குத்தான் வசதி. மருந்தின் விலை? மெடிக்கல் ஷாப்பில் சில்லறைக் காசு.

இதை 2021 ஏப்ரல், மே மாதங்களோடு வைத்துப் பாருங்கள். ரெம்டெசிவிருக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராத்திரி பகலாக வரிசை, பிறகு நேரு ஸ்டேடியத்தில் வரிசை. கள்ள மார்க்கெட் வேறு. இறப்பைக் குறைப்பதற்கு ஆதாரம் போதாது என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு எதிராகப் பரிந்துரைத்தது 2020 நவம்பரில்! தாலியை அடகு வைத்து ஊசி தேடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. டிமாண்ட், சப்ளை பாடத்தில் "பயம்" என்ற ஒரு அத்தியாயத்தையும் சேர்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இன்னொரு பக்கம், மலிவாகக் கிடைத்த ஸ்டீராய்டைத் தேவைக்கு மேல், முதல் நாளிலிருந்தே விழுங்கியதும் நடந்தது. கட்டுப்படாத சர்க்கரை நோயும் இந்த ஸ்டீராய்டும் சேர்ந்து கருப்புப் பூஞ்சைக்கு வழிவிட்டன. 2021 ஜூன் கடைசிக்குள் இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்தது.

கட்டிக்கு ஹெப்பாரின் முழு அளவில் கொடுத்தால் எல்லோரும் பிழைத்துவிடுவார்களா? அப்படியும் இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த பெரிய ஆய்வுகளின்படி, மிதமான நிலையில் இருந்தவர்களுக்கு அது உதவியது. ஏற்கெனவே ஐசியுவுக்குப் போய்விட்டவர்களுக்கு உதவவில்லை, ரத்தப்போக்குதான் கூடியது. ஆஸ்பிரினும் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. நேரம் தவறினால் சரியான மருந்தும் வீண்.

கடைசியாக, டீக்கடைப் பேச்சு ஒன்று. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட மறுநாள் மாரடைப்பு வந்து இறந்ததிலிருந்து, இளம் வயதில் யார் இறந்தாலும் "ஊசிதான் காரணம்" என்பது இன்றும் ஓயவில்லை. அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு பிறகு அறிவித்தது. அஸ்ட்ராஜெனகா வகை ஊசியால் (நம் ஊர் கோவிஷீல்டு அதுதான்) மிக அபூர்வமாகச் சிலருக்கு ஆபத்தான ரத்த உறைவு வந்ததும் உண்மை, 2021 மார்ச்சில் ஐரோப்பிய மருத்துவர்களே அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோயின் கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும் இல்லையா? இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 4.8 கோடி பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2022-ல் ஒரு ஆய்வு வந்தது. கொரோனா உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற தமனி அடைப்புகளின் ஆபத்து சுமார் 21 மடங்கு. போகப் போகக் குறைந்தாலும், 49 வாரம் வரை முழுசாகப் பழைய நிலைக்கு வரவில்லை. 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இளைஞர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்தபோதும், தடுப்பூசி ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது கூட்டியிருந்தது. எங்கள் தெருப் பெரியவருக்கு என்ன நடந்தது என்று யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. பத்து நாள் என்பது மட்டும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது.

மாதக்கணக்கில் நீடிக்கும் கோவிட் களைப்புக்கும் இந்த நுண்கட்டிகள்தான் காரணம் என்று தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு சொல்லிவருகிறது. எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, வாதம் நடக்கிறது.

ஹெப்பாரின் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது. 1916-ல் ஒரு மருத்துவ மாணவர் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடப் போய் உறையாமல் வைக்கும் பொருளில் முட்டிக்கொண்ட கதை அது. இன்றைக்கும் அந்த மருந்து பன்றிக் குடலில் இருந்துதான் வருகிறது. செமஸ்டர் முடியட்டும், தனியாக எழுதுகிறேன். நாளை மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை :-)